வர்ணம் மூடிய வண்டியும் மறதி மூடிய வீரரும்

பாயிரத்தையும் ஈற்றேட்டையும் இழந்துவிட்ட ஓலைச்சுவடி ஒன்று கையிற் கிடைக்குமாயின், அதன் ஆசிரியர் யார், காலம் யாது என்று துணிதல் எளிதன்று. சொல்லாட்சி, யாப்பமைதி, எழுத்தின் வடிவம், ஏட்டின் நிலை என்பவற்றை அகச்சான்றாகவும், பிற நூல்களிற் காணப்படுங் குறிப்புக்களைப் புறச்சான்றாகவுங் கொண்டு, படிப்படியாகவே ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். இம்முறையை மாணாக்கர்க்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். ஆயினும், அதே முறையைத் துவிச்சக்கரவண்டி ஒன்றின்மேற் செலுத்திப் பார்க்க நேரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அமெரிக்காவிலே தொழில் புரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சில திங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். பழம்பொருள் விற்குங் கடையொன்றிலே அவர் ஒரு பந்தயத்தடத் துவிச்சக்கரவண்டியைக் கண்டாராம். அதன்மேல் பிற்காலத்தவர் எவரோ தடித்த பச்சை வர்ணம் பூசியிருந்தனர். செய்தவர் பெயருமில்லை; ஆண்டுமில்லை. கைபிடியைத் தாங்குந் தண்டு மாத்திரம் முன்னோக்கி நீண்டு விநோதமாகக் காணப்பட்டது. கடைக்காரர் அத்தண்டைச் சுட்டிக்காட்டி, அது மேஜர் ரெயிலர் என்னும் பெருவீரர் ஏறிய வண்டியே என்று சொல்லி, அதற்கேற்ற பெருவிலையுங் கூறினாராம். அந்த ரெயிலர் யார், இந்த வண்டியின் காலத்தை எவ்வாறு துணியலாம் என்பனவே மாணாக்கர் என்னிடம் வினாவியவை.

வண்டியைப் பற்றி யான் அறிந்தது சிறிது. ரெயிலரைப் பற்றி அறிந்தது அதனினுஞ் சிறிது. ஆனால், மாணாக்கர் வினாவினால் ஆசிரியன் கற்கவேண்டியவன் ஆகின்றான். அவ்வாறு கற்றதன் பயனே இக்கட்டுரை. வண்டியின் கதையை இறுதியிற் கூறுவேன். வீரரின் கதை முன்னே நிற்கட்டும்.

மார்ஷல் வோல்ரர் ரெயிலர் 1878ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலே பிறந்தார். அவர் குலத்தவர் கறுப்பினத்தவர். தந்தையார் கில்பேட் ரெயிலர் உள்நாட்டுப் போரிலே வடமாநிலத்தார் படையிற் சேர்ந்து போர்புரிந்தவர். பின்னர்ச் செல்வ வெள்ளைக் குடும்பம் ஒன்றுக்கு வண்டியோட்டியாயிருந்து மனைவி மக்களைக் காத்தவர். அந்தச் செல்வர் வீட்டுச் சிறுவனுக்கு வண்டியோட்டியின் மகன் விளையாட்டுத் தோழனானான். இருவரும் ஒரே ஆசிரியரிடம் பாடங் கேட்டனர். ஒரே வகை ஆடை அணிந்தனர். தோழர்களெல்லாரிடமுந் துவிச்சக்கரவண்டி இருந்தமையால் இச்சிறுவனுக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டினுள்ளே வேற்றுமை தோன்றவில்லை. வீதிக்கு வந்தபோது தோன்றிற்று. நகரத்து வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சிக்கூடத்திலே தோழர்கள் உள்ளே சென்றனர்; இவர் வாயிலில் நிறுத்தப்பட்டார். தோலின் நிறம் மனிதனை எங்கே நிறுத்திவிடும் என்பதை அவர் முதன்முதல் உணர்ந்தது அவ்வாயிலிலேதான்.

அக்குடும்பத்தார் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்தபோது, தாயாரைப் பிரிய மனமின்றிச் சிறுவர் தம் வீட்டிலேயே தங்கிவிட்டார். செல்வச் சூழல் கழிந்தது. வண்டி மாத்திரம் எஞ்சிற்று. அதன்மேல் ஏறிப் பலவகை வித்தைகள் புரியக் கற்றுக்கொண்டார். அந்நகரிலே வண்டி விற்போர் இருவர் இவரது திறமையைக் கண்டு, கடையைப் பெருக்கித் துடைத்தற்கும், கடைவாயிலிலே வித்தை காட்டி மக்களை ஈர்த்தற்கும் வேலைக்கு அமர்த்தினர். வித்தை காட்டும்போது போர்வீரர் உடை அணிவார். அதனால் மேஜர் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. படையிற் சேராத மேஜர்! ஆயினும், பின்னாளில் அவர் ஏறிய பந்தயத்தடங்கள் போர்க்களத்துக்குச் சிறிதுங் குறைந்தனவல்ல.

கடைக்காரர் வேடிக்கைக்காகப் பத்து மைல் பந்தயம் ஒன்றில் இவரை நிறுத்தினர். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நின்றுவிடுவார் என்றே எண்ணினர் போலும். சிறுவரோ நின்றாரல்லர், பெரியவர்களை முந்திக்கொண்டு வெற்றிக்கம்பத்தை அடைந்தார். அன்று தொடங்கியது அவரது பந்தய வாழ்வு.

பேர்டி மங்கர் என்பவர் முன்னாட் பந்தயவீரர், வண்டி செய்யுந் தொழில் நடத்தியவர், வெள்ளையர். அவர் இவரைத் தம் இல்லத்திலே வேலைக்கமர்த்திப் பயிற்சியும் அளித்தார். கறுப்பினச் சிறுவனை இவ்வாறு பேணுதல் அக்காலத்து அவருடைய தோழர்க்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கத் துவிச்சக்கரவண்டியோட்டிகளின் பெருஞ்சங்கம் 1894ஆம் ஆண்டிலே வெள்ளையரல்லாதாரை உறுப்பினராகச் சேர்த்தலாகாது என்று விதி வகுத்திருந்தது. 1895ஆம் ஆண்டிலே மங்கர் தம் தொழிலையும் இளைஞரையும் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகருக்குக் கொண்டுசென்றார். அந்நகரத்து வாலிபர் சங்கம் இவருக்கு வாயிலைத் திறந்தது. ஓர் ஊரில் மூடிய கதவு இன்னோர் ஊரில் திறந்தமையால், அவர் வூஸ்ரரையே தம் ஊராகக் கொண்டார்.

1896ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், பதினெட்டு வயது நிறைந்த அளவில், நியூயோர்க் நகரத்து மடிசன் சதுக்க மண்டபத்திலே ஆறுநாட் பந்தயம் ஒன்றிற் கலந்துகொண்டார். இரவும் பகலும் வட்டத்தடத்திற் சுற்றிச் சுற்றி, உறக்கத்தையும் உணவையும் இயன்றவரை ஒறுத்து, அதிக தூரம் ஓட்டுவோனே வெற்றிபெறுங் கொடிய பந்தயம் அது. குறுந்தூர விரைவோட்டத்துக்கே பிறந்த இளைஞர் அதில் 1,732 மைல் ஓட்டி எட்டாம் இடம் பெற்றார். வெற்றியன்று, ஆயினும் அவரது மனவுறுதியை நாடு கண்டுகொண்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளிலே புகழ் ஒருபுறமும் இன்னல் மறுபுறமும் சேர்ந்தே வந்தன. பந்தயத்திலே மற்றையோர் கூட்டாகச் சேர்ந்து இவரை நடுவில் அடைத்து, முந்திச்செல்ல வழிவிடாது தடுப்பர், முழங்கையால் இடிப்பர். 1897ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து ரோன்ரன் நகரிற் பந்தயம் முடிந்தவுடன், தோற்ற வீரன் ஒருவன் இவரைத் தரையில் வீழ்த்திக் கழுத்தை நெரித்தான். காவலர் வந்து விலக்கியபின்னும் நெடுநேரம் நினைவிழந்து கிடந்தார். தென்மாநிலத்துத் தடங்களோ இவரது பெயரை ஏற்கவே மறுத்தன. ஆண்டின் இறுதிப் பந்தயங்கள் அங்கே நடைபெற்றமையால், நாட்டின் வீரப்பட்டத்துக்குரிய புள்ளிகளைத் திரட்டும் வாய்ப்பையும் அவர் இழந்தார்.

இத்துணை இடர்க்கும் அவர் கண்ட மாற்று ஒன்றே: முன்னே சென்றுவிடுதல். பின்னிருப்போர் அடைக்கலாம், முன்னே சென்றவரை அடைப்பதெங்ஙனம்? இறுதிச் சுற்றிலே சிறு இடைவெளி தோன்றும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, மின்னலெனப் பாய்ந்து நீங்குவதே அவரது ஓட்டமுறையாயிற்று.

1898ஆம் ஆண்டிற் பல உலகச் சாதனைகளை நாட்டினார். 1899ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் கனடா நாட்டு மொன்றியல் நகரிலே ஒரு மைல் விரைவோட்டத்தில் உலக வீரர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது இருபது. குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் டிக்சனுக்கு அடுத்தபடியாக, எவ்வகை விளையாட்டிலாயினும் உலக வீரர் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் இவரே. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே, நீராவியால் இயங்கிய வண்டியொன்று முன்னே சென்று காற்றைத் தடுக்க, அதன் பின்னே ஒரு மைல் தூரத்தை 1 நிமிடம் 19 விநாடியில் ஓட்டிக் காட்டினார். மோட்டார் வண்டியே புதுமையாயிருந்த காலம் அது.

பொருளும் சேர்ந்தது. வூஸ்ரரிலே நல்ல பகுதியில் ஒரு வீடு வாங்கினார். அயலார் அது கண்டு மனம்புழுங்கி, கொடுத்த விலைக்கு மேல் தருவோம், விற்றுவிட்டு நீங்குக என்று வேண்டினர். அவர் நீங்கவில்லை. தடத்தில் எவ்வாறோ அவ்வாறே வீதியிலும் தம் இடத்தை விட்டுக்கொடாதவராய் அங்கேயே வாழ்ந்தார்.

இங்கே அவரது சமயப்பற்றைக் கூறாதொழியின் வரலாறு குறைவுபடும். தாயார் இறைபக்தி மிக்கவர். ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்குரிய நாள் என்று மகனுக்குக் கற்பித்தவர். வூஸ்ரரிலே பப்ரிஸ்ற் திருச்சபையொன்றில் அங்கத்தவரான இவரும், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஏறுவதில்லை என்று உறுதி பூண்டார். ஐரோப்பாவிலோ பெரும்பந்தயங்கள் அந்நாளிலேயே நடைபெறுவன. பெரும்பொருள் தருவோம் என்று பிரான்ஸ் நாட்டார் அழைத்தபோதும் மறுத்தார். பின்னர் அழைத்தவர்களே தம் நாளை மாற்றிக்கொண்டு, 1901ஆம் ஆண்டில் அவரை வரவழைத்தனர். ஒரு தனிமனிதனின் விரதத்துக்காகப் பந்தயத்தின் நாள் மாறிற்று.

பிரான்ஸ் நாட்டு எட்மண் ஜக்கிளன் அப்போது உலக வீரர் பட்டத்தைத் தாங்கியிருந்தவர். மே மாதத்திலே பாரிஸ் நகரத்து இளவரசர் பூங்காத் தடத்தில் இருவரும் பொருதனர். குளிர் மிகுந்த நாள். ரெயிலர் தோற்றார். பதினொரு நாள் கழித்து, வெயில் எறித்த மற்றொரு நாளில், மீண்டும் பொருதபோது தொடர்ச்சியாக இரு ஓட்டங்களையும் ரெயிலரே வென்றார். சொந்த நாட்டிலே உணவகங்களும் தங்குமனைகளும் கதவடைத்த ஒருவரைப் பாரிஸ் நகரம் வீதியெல்லாம் நின்று வரவேற்றது.

1902ஆம் ஆண்டிலே டேசி மொறிஸ் என்னும் நங்கையை மணந்தார். மனைவியாருடன் அவுஸ்திரேலியாவுக்கும் சென்று பந்தயங்கள் ஓட்டினார். இரண்டாம் பயணத்தின்போது, 1904ஆம் ஆண்டு, சிட்னி நகரிலே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்நகரின் பெயரையே மகளுக்குஞ் சூட்டினர். ஆயின், ஓய்வற்ற ஓட்டமும் ஓயாத பகையும் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வாட்டின. நாடு திரும்பியபின் மூன்றாண்டு தடத்தை மறந்திருந்தார். மீண்டும் ஐரோப்பா சென்றபோது பழைய வேகம் இல்லை. தாம் பூண்ட ஞாயிற்றுக்கிழமை விரதத்தையும் பிற்காலத்தில் தளர்த்த நேர்ந்தது. அது அவர் நெஞ்சுக்கு எத்துணை பாரமாயிருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். 1910ஆம் ஆண்டில், முப்பத்திரண்டு வயதளவில், பந்தயத்தினின்றும் ஓய்வு பெற்றார்.

எஞ்சிய வாழ்வு இறக்கமே. பொறியியல் கற்க விரும்பினார். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லையென்று கல்லூரி மறுத்தது. மீள்தன்மையுள்ள உலோகச் சக்கரம் ஒன்றை ஆக்கி விற்க முயன்று கைப்பொருளை இழந்தார். பல ஆண்டு உழைத்துத் தம் வரலாற்றைத் தாமே எழுதி, 1928ஆம் ஆண்டில் தாமே அச்சிட்டார். குடும்பத்தைப் பிரிந்து சிக்காகோ நகரை அடைந்து, அந்நூலை வீடுவீடாகக் கொண்டுசென்று விற்றார். ஒருகாலத்திலே ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்துக் காண வந்த மனிதர், தம் கதையைக் கையிலேந்தி அயலார் வாயிலில் நின்றதை எண்ணும்போது மனம் உருகாதார் யாவர்? 1932ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆந் திகதி, தரும மருத்துவமனையின் கட்டிலொன்றிலே உயிர் நீத்தார். உடலைக் கேட்டு வருவார் எவருமிலர். பெயரில்லாத ஏழையின் குழியிலே புதைக்கப்பட்டார்.

பதினாறாண்டுகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டிலே பழைய பந்தயவீரர் சிலர் ஒன்றுகூடி, வண்டித் தொழிலதிபர் பிராங் சுவின் பொருளுதவ, அவ்வுடலை அகழ்ந்தெடுத்து, அதே இடுகாட்டில் மதிப்பான இடத்திலே அடக்கஞ்செய்து, வெண்கலத்தகட்டிற் பெயர் பொறித்து வைத்தனர். 1982ஆம் ஆண்டிலே இந்தியானாபொலிஸ் நகரத்துப் பந்தயத்தடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கறுப்பினத்தாரை விலக்கிய அச்சங்கத்தின் விதி 1999ஆம் ஆண்டிலே முறைப்படி நீக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வூஸ்ரர் நகரத்துப் பொதுநூலகத்தின் அருகே அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. நூற்றைந்தாண்டு நின்ற விதி ஒன்று எவர் நெஞ்சையும் உறுத்தாமல் ஏட்டிற் கிடந்தது என்பதும் நாம் சிந்திக்கத்தக்கதே.

இனி வண்டியின் கதைக்கு வருவோம். மாணாக்கர் பச்சை வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட முனைந்திருந்தார். சுரண்டற்க என்பதே யான் முதலில் எழுதிய அறிவுரை. ஏட்டில் அழுக்கைத் துடைக்கிறோம் என்று எழுத்தையே துடைத்துவிட்டவர் பலர். பின்னர், நூல்களிற் படித்தனவும் அறிந்தோரைக் கேட்டனவுமாகிய செய்திகளை வரிசைப்படுத்தி எழுதினேன்.

பந்தயத்தட வண்டிக்குத் தடுப்பு இல்லை. மிதியை நிறுத்தினாலுஞ் சக்கரம் தனியே சுழலும் அமைப்பும் இல்லை. பின்சக்கரம் பொருந்தும் பிளவு பின்னோக்கித் திறந்திருக்கும். கவையின் தலையிலே தடுப்புக்குரிய துளை இருந்தால், ஒன்று அது வீதி வண்டி, அன்றேல் பின்னர் வீதிக்கு மாற்றப்பட்டது. இவ்வளவால் வகை தெரியும், காலந் தெரியாது. மிதியச்சுக் கூட்டின் அடியிலே பெரும்பாலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயின், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி எண்வரிசை உண்டாதலால், செய்தவரை அறியாதவனுக்கு அவ்வெண் ஊமை கண்ட கனவே. செய்தவரை அறிதற்கு முன்தலைக் குழாயை நோக்குக. முத்திரைத்தகடு கழன்று போயினும் அதனைத் தைத்த ஆணித்துளைகள் வர்ணத்தின் கீழே குழியாகத் தோன்றும். அவற்றின் இடைவெளியும் நிலையும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும். அச்சுக்கூட்டின் மரை எப்பக்கம் திருகுவது என்பது நாட்டைக் காட்டும். வர்ணம் உரிந்த இடத்திலே தெரியும் உலோகப்பூச்சு காலத்தைக் காட்டும்: பழைய வண்டிகளுக்கு இட்டது மஞ்சள் தோய்ந்த வெண்மையுடைய நிக்கல், நீலம் பாய்ந்த வெண்மையுடைய குரோமியம் பெருவழக்காய் வந்தது 1920களின் இறுதிக்குப் பின்னரே.

சக்கரம், ஆசனம், கைபிடி, சங்கிலி என்பன சான்றிலே கடைநிலையின. அவை வண்டிக்கு வண்டி மாறிச் செல்வன. ஓரங்குலக் கட்டைச் சங்கிலி பழமைக்கு அடையாளமென்பர். ஆயின், வீதி வண்டிகள் அதனைக் கைவிட்ட பின்னும் தடவண்டிகளில் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது. கைபிடியை முன்னே தாங்கும் அந்த நீண்ட தண்டுக்கு ரெயிலர் பெயரே வழங்குவது உண்மை. உடலை முன்னே தாழ்த்தி ஓட்டுதற்கு அவர் அதனைக் கையாண்டு பரவச்செய்தார். ஆயின், அவரைப் பின்பற்றி உலகெங்கும் வீரர் பலர் அதனைப் பூட்டிக்கொண்டனர். தண்டைக் கண்டு வண்டி அவருடையது என்பது, கம்பருடைய சந்தத்தைக் கண்டு தனிப்பாடலெல்லாங் கம்பர் பாடியதென்பது போலும். அது இடைச்செருகலாகவும் இருக்கலாம் அன்றோ?

அடுத்த கடிதத்திலே விடை வந்தது. கவையின் நுனியில் வர்ணம் உரிந்த இடத்தை மாணாக்கர் மெல்லத் துடைத்துப் பார்த்தாராம். அடியிலே தெரிந்தது குரோமியம்; பின்னர் ஏற்றியதற்கு அறிகுறியில்லை. தண்டிலோ நிக்கல். எனவே சட்டமும் கவையும் ரெயிலர் ஓய்வு பெற்ற பல்லாண்டுகளுக்குப் பின் பிறந்தவை. தண்டு அவற்றுக்கு மூத்தது. தம் தமையனோ ஆசானோ விட்டுச்சென்ற தண்டை எவரோ ஓர் ஓட்டவீரர் தம் புதுவண்டியிற் பூட்டிக்கொண்டார் போலும். இச்செய்தியைக் கடைக்காரருக்கு எடுத்துக்காட்டிய மாணாக்கர், வண்டிக்குத் தக்க விலையைக் கொடுத்தே வாங்கிக்கொண்டார். வாங்கியதில் அவருக்கு வருத்தமில்லை, எனக்கும் இல்லை.

அது ரெயிலருடைய வண்டி என்று சொல்லியிருப்பின் கேட்போர் மகிழ்ந்திருப்பர். ஆனால் வாழ்நாள் முழுவதும், பொய்யான காரணங்களால் தமக்குரிய இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் பெயரை, பொய்யான ஒரு சான்றால் உயர்த்துதல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. உள்ளதை உள்ளபடி கண்டு சொல்வதே ஆராய்ச்சியின் அறம். அது செய்யுளுக்கும் ஒக்கும், வண்டிக்கும் ஒக்கும், மனிதருக்கு அதனினும் மிக ஒக்கும். மேற்பூச்சைக் கண்டு உள்ளிருக்கும் பொருளை மதிப்பிடும் வழக்கத்தை நம் மாணாக்கர் விட்டொழிப்பாராயின், மேஜர் ரெயிலரின் கதையை அவர்க்கு எடுத்துரைத்ததன் பயன் நிறைவெய்தும்.